யார் நிரூபிக்க வேண்டும்? அணுகுண்டுச் சோதனையில் நின்ற அமெரிக்கப் படைவீரர்களும் அரசின் இழப்பீடும்

1946 ஆகஸ்டில், பசிபிக் பெருங்கடலின் பிகினி பவளத்தீவில் பிடிபட்ட மீன் ஒன்றை இருட்டில் ஒரு புகைப்படத் தட்டின்மேல் வைத்தார்கள். கேமராவும் இல்லை, விளக்கும் இல்லை. பிறகு தட்டைக் கழுவிப் பார்த்தபோது மீனின் உருவம் அதில் தெளிவாகப் பதிந்திருந்தது. அதன் உடலுக்குள் போயிருந்த கதிரியக்கப் பொருளே அந்தப் படத்தை எடுத்திருந்தது. அங்கே நடந்த அணுகுண்டுச் சோதனையின் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்றிருந்த கர்னல் ஸ்டாஃபர்ட் வாரன், அந்தப் படத்தைச் சோதனைக்குத் தலைமை தாங்கிய அட்மிரல் பிளாண்டியிடம் கொண்டுபோய்க் காட்டினார். கப்பல்களைக் கழுவும் வேலை உடனே நிறுத்தப்பட்டது.

நிறுத்தியது நல்லதுதான். ஆனால் அதற்குள் கடற்படையின் இளைஞர்கள் நாள்கணக்கில் அந்தக் கப்பல்களில் ஏறி, சோப்பும் தண்ணீரும் துடைப்பமுமாகத் தளங்களைத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். ஜூலை 25 அன்று கடலுக்கடியில் வெடித்த ‘பேக்கர்’ குண்டு, காயலின் நீரையும் சேற்றையும் வாரி மேலே எறிந்து, நங்கூரமிட்டிருந்த கப்பல்கள்மீது கதிரியக்க மழையாகக் கொட்டியிருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.

அப்படித் தேய்த்தவர்களில் ஒருவருக்கு முப்பது ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அரசு அவருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டுமா? வேண்டும் என்று பலரும் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். அடுத்து வரும் கேள்விதான் கடினம்: அந்தப் புற்றுநோய் பிகினியில் வந்ததுதான் என்று யார், எதை வைத்து நிரூபிப்பது? அமெரிக்காவில் இந்த ஒரு கேள்வியை வைத்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சட்டங்கள் எழுதப்பட்டும் திருத்தப்பட்டும் வருகின்றன. அதைப் புரிந்துகொண்டால் இழப்பீட்டுத் திட்டங்களின் மற்ற விவரங்கள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

களத்தில் நின்றவர்கள்

1945 முதல் 1962 வரை அமெரிக்கா வளிமண்டலத்திலும் கடலிலுமாக இருநூறுக்கும் மேற்பட்ட அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது. நியூ மெக்சிகோவில் தொடங்கி, மார்ஷல் தீவுகளின் பிகினி, எனிவெடாக், பிறகு 1951 முதல் நெவாடா பாலைவனம் என்று களங்கள் விரிந்தன. இந்தச் சோதனைகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான படைவீரர்கள் ஏதாவதொரு பணியில் இருந்தார்கள். குண்டு விழுந்த பின் ஹிரோஷிமா, நாகசாகிப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்ட படையினரையும், அங்கே போர்க்கைதிகளாக இருந்தவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை ஏறத்தாழ நான்கு லட்சத்தை எட்டும். இவர்களைத்தான் அமெரிக்காவில் ‘அணுப் படைவீரர்கள்’ என்கிறார்கள்.

இவர்கள் வழி தவறி அங்கே போய் நின்றவர்கள் அல்லர். நெவாடாவில் நடந்த ‘டெசர்ட் ராக்’ பயிற்சிகளின் நோக்கமே படைவீரர்களை வெடிப்புக்கு அருகில் கொண்டுபோவதுதான். அணுகுண்டு வெடித்த களத்தில் காலாட்படை தாக்குப்பிடிக்குமா, பயந்து ஓடுமா, உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து முன்னேறுமா என்று ராணுவம் தெரிந்துகொள்ள விரும்பியது. வெடிப்பு மையத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் பதுங்குகுழி வெட்டி வீரர்களைக் குந்த வைத்தார்கள். கண்ணை இறுக மூடி, கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தபோதும் தங்கள் விரல் எலும்புகளைப் பார்க்க முடிந்தது என்று பலர் பின்னாளில் கூறியிருக்கிறார்கள். அதிர்வு கடந்ததும் எழுந்து, புகைத்தூண் எழும்பிய திசையை நோக்கி நடக்கச் சொன்னார்கள். புழுதி கிளம்பியது. அதைச் சுவாசித்தார்கள்.

சிலருடைய சட்டையில் பிலிம் பேட்ஜ் குத்தப்பட்டிருந்தது. கதிர்வீச்சு பட்டால் கருக்கும் சிறிய பிலிம் துண்டு அது. கருமையின் அளவை வைத்து, பட்ட கதிர்வீச்சைக் கணக்கிடலாம். பிகினியில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. ஒரு குழுவுக்கு ஒன்றோ இரண்டோ பேட்ஜ் கொடுத்து, மற்றவர்களுக்கும் அதே அளவுதான் என்று எழுதிக்கொண்டார்கள். பேட்ஜுக்கு இன்னொரு குறையும் உண்டு. வெளியிலிருந்து உடலை ஊடுருவும் கதிர்களை மட்டுமே அது பதிவு செய்யும். மூச்சோடு நுரையீரலுக்குள் போன புளூட்டோனியத் துகள் அதன் கண்ணுக்குத் தெரியாது.

இதோடு, பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது என்ற ரகசிய உறுதிமொழியும் இருந்தது. மனைவியிடம் சொல்லக்கூடாது, வைத்தியம் பார்க்கும் டாக்டரிடமும் சொல்லக்கூடாது. இந்தத் தடையை அமெரிக்க நாடாளுமன்றம் 1996இல்தான் முறையாக நீக்கியது. அதாவது, இழப்பீட்டுச் சட்டங்கள் வந்து பல ஆண்டுகள் கழிந்த பிறகு! விண்ணப்பத்தில் என்ன எழுதலாம், எதை எழுதினால் குற்றமாகும் என்று தெரியாமல் ஒரு தலைமுறையே குழம்பியது.

ஏன் நீதிமன்றத்துக்குப் போகவில்லை என்று கேட்கத் தோன்றும். போக முடியாது. 1950இல் ஃபெரஸ் என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ராணுவப் பணியின் விளைவாக ஏற்பட்ட காயத்துக்காகப் படைவீரர்கள் கூட்டாட்சி அரசின்மீது நட்டஈட்டு வழக்குத் தொடுக்க இயலாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு இன்றும் நிற்கிறது. ஆகவே படைவீரருக்கு எஞ்சியிருந்த வழி ஒன்றுதான்: முன்னாள் படைவீரர் நலத்துறையிடம் மனு கொடுத்துக் காத்திருப்பது.

ஐம்பதில் பத்து

அந்தத் துறையின் பொது விதி எளிமையானது. நோயோ ஊனமோ ராணுவப் பணியால் வந்தது என்று காட்டினால் மாத உதவித்தொகை உண்டு. காலில் குண்டு பாய்ந்தவர் தழும்பைக் காட்டலாம். கதிர்வீச்சால் புற்றுநோய் வந்தவர் எதைக் காட்டுவார்? லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொண்டால், கதிர்வீச்சால் வந்ததும் தானாக வந்ததும் நுண்ணோக்கியின் கீழ் ஒரே மாதிரிதான் இருக்கும். பட்டதற்கும் நோய் வந்ததற்கும் இடையே பத்து, இருபது, நாற்பது ஆண்டுகள் ஓடியிருக்கும். இடையில் அவர் சிகரெட் பிடித்திருப்பார், சுரங்கத்தில் வேலை செய்திருப்பார், வயதும் ஆகியிருக்கும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. எண்கள் நான் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஆயிரம் வீரர்கள் ஒரு சோதனையில் நின்றார்கள். கதிர்வீச்சே படாவிட்டாலும் அவர்களில் 40 பேருக்கு வாழ்நாளில் ஒரு குறிப்பிட்ட புற்றுநோய் வந்திருக்கும். கதிர்வீச்சு பட்டதால் மேலும் 10 பேருக்கு வருகிறது. ஆக மொத்தம் 50 நோயாளிகள். இந்த 50 பேரில் அந்தப் பத்துப் பேர் யார் யார் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்லக்கூடியது ஒன்றே: இவருடைய நோய் கதிர்வீச்சால் வந்திருப்பதற்கான வாய்ப்பு 50இல் 10, அதாவது 20 விழுக்காடு.

உரிமையியல் சட்டங்களில் பரவலாக உள்ள அளவுகோல், காரணம் இதுவாக இருக்க 50 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு வேண்டும் என்பது. அதை இங்கே வைத்தால் ஐம்பது பேரின் மனுக்களும் தள்ளுபடி. அரசுதான் பத்துப் பேரை நோயாளியாக்கியது என்பது உறுதி. ஆனால் ஒருவருக்குக்கூட இழப்பீடு இல்லை. இதில் யாரும் பொய் சொல்லவில்லை, கணக்கிலும் பிழையில்லை. விதியைச் சரியாகப் பின்பற்றியே இந்த அநியாயத்துக்கு வந்து சேரலாம்.

மாற்று வழி, ஐம்பது பேருக்கும் கொடுத்துவிடுவது. அப்போது கதிர்வீச்சோடு சம்பந்தமில்லாத நாற்பது பேருக்கும் பணம் போகும். வரிப்பணம் வீண் என்பார்கள். உண்மைதான், ஒரு வகையில் வீண்தான். ஆக, இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்யாமல் தப்பிக்க வழியில்லை. எந்தத் தவறைச் செய்வது என்று அறிவியல் சொல்லாது. அதைச் சமூகம்தான் தீர்மானிக்க வேண்டும். என்னைக் கேட்டால், உத்தரவு போட்டு நிற்க வைத்தவரும், அளவைப் பதியாமல் விட்டவரும், வாயைத் திறக்காதே என்று சொன்னவரும் ஒருவரேயாக இருக்கும்போது, ஐயத்தின் செலவை அவர் ஏற்பதே நியாயம். அமெரிக்கச் சட்டமும் மெதுவாக, பாதி மனத்தோடு, அந்தப் பக்கம்தான் நகர்ந்தது.

நகர்வு தொடங்கியது ஒரு குறிப்பிட்ட குண்டிலிருந்து. 1957 ஆகஸ்ட் 31 அன்று நெவாடாவில் வெடித்த 44 கிலோடன் குண்டின் பெயர் ‘ஸ்மோக்கி’. அதில் பங்கேற்ற ஒருவர், லுகேமியாவோடு போராடிக்கொண்டிருந்தவர், 1970களின் பிற்பகுதியில் தம் நோய்க்கு அதுவே காரணம் என்று சொல்லத் தொடங்கினார். நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மருத்துவர் கிளின் கால்ட்வெல்லும் அவரது குழுவினரும் ஸ்மோக்கியில் இருந்த 3,224 பேரைத் தேடி ஆராய்ந்தார்கள். அந்த எண்ணிக்கையில் சாதாரணமாக மூன்று அல்லது நான்கு பேருக்கு லுகேமியா வந்திருக்க வேண்டும். வந்தது ஒன்பது பேருக்கு. 1980இல் முடிவு வெளியானதும் நாடாளுமன்றத்தில் விசாரணைகள் சூடுபிடித்தன.

ஆனால் அதே ஆய்வின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த வீரர்களின் பேட்ஜுகள் காட்டிய அளவு குறைவு. அவ்வளவு குறைந்த கதிர்வீச்சுக்கு இத்தனை லுகேமியா வந்திருக்கக் கூடாது. சில ஆண்டுகள் கழித்து மற்ற புற்றுநோய்களையும் சேர்த்துப் பார்த்தபோது மொத்த எண்ணிக்கை கூடியிருக்கவில்லை. பேட்ஜ் பொய் சொன்னதா, தற்செயலா, இரண்டுமா? 2000இல் வேறொரு பெரிய ஆய்வு, ஐந்து சோதனைத் தொடர்களில் பங்கேற்ற சுமார் 70,000 பேரின் இறப்புகளைப் பரிசீலித்தது. லுகேமியா இறப்புகள் 14 விழுக்காடு கூடுதலாக இருந்தன. ஆனால் தற்செயலாகவே அப்படி அமைந்திருக்கலாம் என்பதைப் புள்ளியியலால் மறுக்க முடியவில்லை. படைவீரர் சங்கமும் அரசும் ஒரே ஆய்வை மேற்கோள் காட்டி எதிரெதிராக வாதாட முடிந்தது இதனால்தான்.

இரண்டு வழிகள்

1979இல் ஆர்வில் கெல்லி என்ற முன்னாள் ராணுவ வீரர், தேசிய அணுப் படைவீரர் சங்கத்தை நிறுவினார். 1958இல் எனிவெடாக்கின் ஒரு சிறு தீவில் பொறுப்பாளராக இருந்து குண்டு மேல் குண்டாக வெடித்ததைப் பார்த்தவர். நிணநீர்ப் புற்றுநோயால் 1980இல் இறந்துபோனார். அவரும் அவரைப் போன்றோரும் கொடுத்த அழுத்தத்தால்தான் அடுத்த பத்தாண்டுகளில் இரண்டு முக்கியச் சட்டங்கள் வந்தன.

முதலாவது 1984ஆம் ஆண்டுச் சட்டம். இது மனுதாரருக்கு ஒரு வழியைத் திறந்தது. ஆனால் அது கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடும் வழி. நீங்கள் எந்தப் படைப்பிரிவில் இருந்தீர்கள், எந்த நாள், எந்த இடம், எவ்வளவு நேரம், காற்று எப்பக்கம் அடித்தது, பேட்ஜ் என்ன காட்டியது என்ற விவரங்களைச் சேர்த்து, உங்கள் உடல்மீது பட்டிருக்கக்கூடிய அளவைப் பாதுகாப்புத் துறை மீண்டும் கட்டியமைக்கும். பிறகு, அந்த அளவால் இந்த நோய் வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுவார்கள். இந்தக் கணக்கில் வீரருக்குச் சலுகை உண்டு: ஐயமுள்ள இடங்களில் எல்லாம் அவருக்குச் சாதகமான உச்ச அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி எடுத்தும் வாய்ப்பு 50 விழுக்காட்டைத் தொட வேண்டும்.

காகிதத்தில் தாராளமாகத் தெரியும் இந்த வழியில் வென்றவர்கள் மிகச் சிலரே. அளவைக் கட்டியமைக்கத் தேவையான ஆவணங்கள் எங்கே? 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரின் ராணுவ ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் 1 கோடியே 60 லட்சத்துக்கும் அதிகமான பணிக்கோப்புகள் எரிந்துபோயின. 1960க்கு முன் ஓய்வுபெற்ற தரைப்படையினரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அதில் போயிற்று. சதி என்று நம்புபவர்கள் உண்டு, அதற்குச் சான்றில்லை. ஆனால் எரிந்த கோப்பின் இழப்பு மனுதாரரின் தலையில்தான் விழுந்தது. 2003இல் தேசிய ஆய்வுக் குழுமம் இந்தக் கணக்கிடும் முறையையே ஆராய்ந்து, உச்ச அளவு என்று சொல்லப்பட்டது பல வேளைகளில் உண்மையான உச்சமாக இல்லை, குறைத்தே மதிப்பிடப்பட்டது என்று கூறியது. அதே குழு இன்னொன்றையும் சொன்னது: பிழைகளைத் திருத்தினாலும் கூடுதலாக வெல்பவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். மேலே போட்ட 50இல் 10 கணக்கை நினைத்துப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

இரண்டாவது 1988ஆம் ஆண்டுச் சட்டம். கணக்கையே தூக்கி ஓரமாக வைத்தது இதுதான். ‘சட்ட அனுமானம்’ என்ற கருத்து இங்கேதான் நுழைகிறது. இரண்டு செய்திகளை மட்டும் வீரர் காட்டினால் போதும்: குறிப்பிட்ட சோதனையிலோ இடத்திலோ இருந்தேன், பட்டியலில் உள்ள நோய் எனக்கு வந்திருக்கிறது. இரண்டையும் இணைக்கும் வேலையைச் சட்டமே செய்துவிடும். எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று யாரும் கேட்க மாட்டார்கள். பேட்ஜ் இருந்ததா, அது என்ன சொன்னது என்பது பொருட்டல்ல. நிரூபிக்கும் பொறுப்பு மனுதாரரின் தோளிலிருந்து இறங்கிவிடுகிறது. மறுப்பதானால் அரசுதான் வேறு காரணத்தைக் காட்ட வேண்டும்.

முதலில் பட்டியலில் 13 நோய்கள் இருந்தன. நோய் 40 ஆண்டுகளுக்குள், லுகேமியா என்றால் 30 ஆண்டுகளுக்குள் வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த நிபந்தனை 1992இல் நீங்கியது. பிறகு நோய்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து இன்று 21 ஆகியுள்ளன. தைராய்டு, மார்பகம், நுரையீரல், வயிறு, பெருங்குடல், கணையம், மூளை, எலும்பு, சிறுநீர்ப் பாதை ஆகியவற்றின் புற்றுநோய்களும், லுகேமியாவும், பெரும்பாலான நிணநீர்ப் புற்றுநோய்களும் இதில் அடங்கும். வளிமண்டலச் சோதனைகளில் பங்கேற்றவர்களோடு, 1945 ஆகஸ்ட் 6 முதல் 1946 ஜூலை 1 வரை ஹிரோஷிமாவிலோ நாகசாகியிலோ ஆக்கிரமிப்புப் படையில் பணியாற்றியவர்களுக்கும் இந்த அனுமானம் பொருந்தும்.

பட்டியலில் இல்லாதவற்றையும் கவனிக்க வேண்டும். தோல் புற்றுநோயும் புராஸ்டேட் புற்றுநோயும் வயதான ஆண்களிடம் மிகப் பரவலாகக் காணப்படுபவை. அவை இரண்டும் அனுமானப் பட்டியலில் இல்லை. அவற்றுக்கு மனு கொடுப்பவர் பழைய வழியிலேயே, அளவுக் கணக்கின் சந்துகளிலேயே அலைய வேண்டும். நாள்பட்ட நிணநீரணு லுகேமியா என்ற ஒரு வகைக்கும் அனுமானம் கிடையாது; அதற்கும் கதிர்வீச்சுக்கும் தொடர்பில்லை என்று நெடுங்காலமாகக் கருதப்பட்டு வந்ததே காரணம். பட்டியல் என்று ஒன்று இருந்தால் அதற்கு விளிம்பு இருக்கும். விளிம்புக்கு ஓர் அங்குலம் வெளியே நிற்பவருக்கு, உள்ளே இருப்பவரைப் பார்க்கும்போது எரிச்சல் வருவது இயல்பு.

அனுமானத்தால் மனு ஏற்கப்பட்டால் என்ன கிடைக்கும்? ஊனத்தின் அளவை 10 முதல் 100 விழுக்காடு வரை மதிப்பிட்டு மாதந்தோறும் தொகை வழங்குவார்கள். புற்றுநோய் தீவிரமாக இருக்கும் காலத்தில் 100 விழுக்காடு. 2025இல் தனி ஆளுக்கு அது மாதம் 3,800 டாலருக்குச் சற்று மேல். மருத்துவச் செலவை அரசே ஏற்கும். அந்த நோயால் அவர் இறந்தால் மனைவிக்கு மாத உதவித்தொகை தொடரும்.

இதற்கு வெளியே, நீதித்துறையின் கீழ் இன்னொரு திட்டம் உண்டு. 1990இல் வந்த கதிர்வீச்சுப் பாதிப்பு இழப்பீட்டுச் சட்டம் அது. நாட்டின் சார்பில் நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்கிறது என்ற வரி அந்தச் சட்டத்திலேயே இடம்பெற்றது. இது மாதத் தொகை தருவதில்லை. ஒரே முறை கொடுத்து முடித்துவிடும். சோதனைக் களத்தில் இருந்தவர்களுக்கு 75,000 டாலர், நெவாடாவின் காற்று வீசிய திசையில் வாழ்ந்த பொதுமக்களுக்கு 50,000 டாலர், யுரேனியம் சுரங்கத் தொழிலாளர்களுக்கு 1,00,000 டாலர். இந்தத் திட்டம் 2024 ஜூனில் காலாவதியாகி ஓராண்டு முடங்கிக் கிடந்தது. 2025 ஜூலையில் புதுப்பிக்கப்பட்டபோது களத்தில் இருந்தவர்களுக்கும் காற்றுத் திசை மக்களுக்கும் தொகை 1,00,000 டாலராக உயர்ந்தது. இரண்டு திட்டங்களிலும் முழுத் தொகையை வாங்கிவிட முடியாது. ஒன்றில் பெற்றதை மற்றொன்றில் கழித்துக்கொள்வார்கள். எதில் முதலில் விண்ணப்பிப்பது என்பதை விவரம் தெரிந்தவரிடம் கேட்டு முடிவு செய்வது நல்லது என்று சங்கங்கள் ஆலோசனை சொல்வது இதனால்தான்.

கோட்டுக்கு வெளியே நின்றவர்கள்

1988 சட்டம் குண்டு வெடித்தபோது அங்கே இருந்தவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆனால் கதிரியக்கம் வெடிப்போடு முடிவதில்லை. எனிவெடாக்கில் மட்டும் 43 சோதனைகள் நடந்தன. 1977 முதல் 1980 வரை அந்தத் தீவுகளைச் சுத்தம் செய்ய ஆயிரக்கணக்கான படைவீரர்களை அனுப்பினார்கள். கதிரியக்க மண்ணை வெட்டி, சிமென்டோடு கலந்து, ரூனிட் தீவில் 1958ஆம் ஆண்டுக் குண்டு ஒன்று தோண்டிய பள்ளத்தில் கொட்டி, மேலே 358 கான்கிரீட் பலகைகளால் குவிமாடம் கட்டினார்கள். வெப்பமண்டல வெயிலில், பலரும் சட்டையில்லாமல் வேலை செய்தார்கள். அந்தக் குவிமாடத்தைக் கட்டியவர்கள் நோயுற்று மனு கொடுத்தபோது, நீங்கள் சோதனையில் பங்கேற்கவில்லையே என்று பதில் வந்தது. குண்டைப் பார்த்தவருக்கு அனுமானம் உண்டு, குண்டின் சாம்பலை அள்ளியவருக்கு இல்லை!

ஸ்பெயினின் பாலோமரெஸ் கிராமத்திலும் இதே கதைதான். 1966 ஜனவரி 17 அன்று ஒரு பி-52 போர்விமானமும் எரிபொருள் விமானமும் வானில் மோதி, நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் விழுந்தன. அணுவெடிப்பு நிகழவில்லை. ஆனால் இரண்டு குண்டுகளின் சாதாரண வெடிமருந்து வெடித்து, தக்காளி வயல்கள்மீது புளூட்டோனியத் தூள் சிதறியது. சுமார் 1,600 அமெரிக்கப் படையினர் மண்ணையும் பயிரையும் அள்ளிப் பீப்பாய்களில் அடைத்தார்கள். அவர்களிடம் சிறுநீர் மாதிரிகள் எடுக்கப்பட்டன. பல மாதிரிகள் அதிகமான அளவைக் காட்டியபோது, மாதிரியில் தூசி கலந்திருக்கும் என்று அந்த முடிவுகளை ஒதுக்கிவிட்டார்கள். 1968இல் கிரீன்லாந்தின் துலே தளம் அருகே இன்னொரு பி-52 விழுந்தபோதும் பனியை அள்ளியவர்கள் உண்டு.

இந்த மூன்று இடங்களும் 2022 ஆகஸ்ட் 10 அன்று கையெழுத்தான ‘பேக்ட்’ சட்டத்தில்தான் அனுமானத்துக்குள் வந்தன. பாலோமரெஸில் மண் அள்ளியவர்கள் 56 ஆண்டுகள் காத்திருந்தார்கள். பலர் அதுவரை இருக்கவில்லை. இந்த இடைவெளிக்கு அறிவியல் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. 1988இலிருந்தே புளூட்டோனியம் புளூட்டோனியமாகத்தான் இருந்தது.

மற்ற நாடுகளில்

பிரிட்டன் 1952 முதல் ஆஸ்திரேலியாவின் மாண்டெபெல்லோ தீவுகள், மாராலிங்கா, பசிபிக்கின் கிறிஸ்துமஸ் தீவு ஆகிய இடங்களில் குண்டுகளை வெடித்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் படையினர் பங்கேற்றார்கள். அமெரிக்காவைப் போன்ற அனுமானச் சட்டம் அங்கே வரவில்லை. ஆயிரத்துக்கும் அதிகமானோர் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். 2012 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்கு காலங்கடந்து வந்திருக்கிறது என்பதே முக்கியக் காரணம். கதிர்வீச்சு நோய் வெளிப்படவே முப்பது ஆண்டு ஆகும், வழக்குக்கான காலவரம்போ சில ஆண்டுகள்! 2022இல் அவர்களுக்குப் பதக்கம் அறிவிக்கப்பட்டது. கிறிஸ்துமஸ் தீவுக்கு அனுப்பப்பட்ட ஃபிஜித் தீவினருக்கு, பிரிட்டனுக்காகக் காத்திருந்து பயனில்லை என்று 2015இல் ஃபிஜி அரசே தன் கையிலிருந்து ஒரு தொகையைக் கொடுத்தது. ஆஸ்திரேலியா 2017இல் தன் சோதனைப் பங்கேற்பாளர்களுக்கு முழு மருத்துவச் செலவையும் ஏற்கும் அட்டையை வழங்க முடிவு செய்தது.

பிரான்சின் கதை இந்தக் கருத்தைப் புரிந்துகொள்ள நல்ல பாடம். அல்ஜீரியாவில் 17, பாலினேசியாவில் 193 என்று சோதனைகள் நடத்திய அந்த நாடு, 2010இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இடம், காலம், நோய்ப் பட்டியல் மூன்றும் பொருந்தினால் அனுமானம் உண்டு. ஆனால் கதிர்வீச்சால் நோய் வரும் வாய்ப்பு ‘புறக்கணிக்கத்தக்கது’ என்று அரசு கருதினால் மறுக்கலாம் என்று ஒரு வரியும் கூடவே இருந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலான மனுக்களைத் தள்ளினார்கள். 2017இல் அந்த வரியை நீக்கினார்கள். மனுக்கள் வெல்லத் தொடங்கியதும், 2018இன் இறுதியில், ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் என்ற கதிர்வீச்சு வரம்பைக் கொண்டுவந்து, அதற்குக் குறைவாகப் பட்டவர்களின் மனுவை மறுக்கலாம் என்றார்கள். பொறுப்பை அரசின் தோளில் வைப்பதும், பிறகு சத்தமில்லாமல் மனுதாரரின் தோளுக்கே திருப்பி மாற்றுவதும் இப்படித்தான் நடக்கின்றன. எந்த நாட்டின் இழப்பீட்டுச் சட்டத்தைப் படித்தாலும் முதலில் தேட வேண்டியது தொகையை அல்ல, விதிவிலக்குப் பிரிவை.

அமெரிக்காவுக்குத் திரும்பினால், இன்று மனு கொடுக்க விரும்பும் குடும்பத்துக்குத் தேவையானவை மூன்று: ராணுவத்திலிருந்து விடுவித்த சான்று, நோயைக் காட்டும் மருத்துவ ஆவணம், எந்தச் சோதனையில் அல்லது எந்தத் தளத்தில் எப்போது இருந்தார் என்ற விவரம். கோப்பு எரிந்திருந்தாலும் மனம் தளர வேண்டியதில்லை. கப்பல்களின் நாட்குறிப்புகள், படைப்பிரிவின் உத்தரவுகள் முதலியவற்றை வைத்துப் பங்கேற்பை உறுதி செய்யும் பணியைப் பாதுகாப்புத் துறை 1978 முதல் செய்துவருகிறது. பழைய சட்டங்களின் கீழ் மறுக்கப்பட்டவர்கள் பேக்ட் சட்டத்துக்குப் பிறகு மீண்டும் விண்ணப்பிக்கலாம். வீரர் இறந்திருந்தால் மனைவியோ பிள்ளைகளோ நீதித்துறையின் ஒரே தவணை இழப்பீட்டைக் கோரலாம். அதற்கான விண்ணப்பங்கள் 2027 டிசம்பர் 31 வரை ஏற்கப்படும். கடைசி வளிமண்டலச் சோதனையில் பதினெட்டு வயதில் நின்றவருக்கு அப்போது வயது எண்பத்து மூன்று.